டிஸ்க் போட்ட பிறகும் பிரேக் சரியில்லையா? பழைய பிக்கப்புக்குக் கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய டீசல் பிக்கப்களில் ஒரு வகை உண்டு. ஜீப் வழி வந்த வண்டி, நாலு வீலுக்கும் டிரம், கால் பலத்தைக் கூட்டிக்கொடுக்கிற பூஸ்டர் கிடையாது, காலை ஊன்றி மிதித்தால்தான் நிற்கும். பொய்கை சந்தைக்கு ரெண்டு மாடு ஏற்றிப் போய் வருகிறவரை குறை தெரியாது. அதே வண்டி முழு லோடோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது பாதி மலையிலேயே டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற லைனர் தீய்ந்த வாடை வரும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் கேட்கும். அதற்கப்புறம்தான் முன்னால் டிஸ்க், மேலே பூஸ்டர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயில் தள்ளுகிற இரட்டை மாஸ்டர் சிலிண்டர் என்று யோசனை வருகிறது. பெரும்பாலும் பொலேரோ சாமான்களைப் பழைய இரும்புக் கடையிலோ புதிதாகவோ வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள்.

மாட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய. மாட்டி முடித்து முதல் தடவை மிதித்ததும் வருகிற தொல்லைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுச் சாமான் கெட்டுப்போய்க் கோளாறு வருவது குறைவு. பழைய அமைப்பில் மாற்றாமல் விட்ட ஏதோ ஒன்று புதியதோடு ஒத்துப்போகாமல் இருப்பதுதான் பத்தில் எட்டு வண்டியில் காரணம் என்பது என் கணிப்பு. அதனால் 'மாஸ்டர் போயிருக்கும், மாத்திடு' என்று யாராவது சொன்னதும் காசை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எதைத் தளர்த்தினால் கோளாறு போகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பேனருக்குச் செலவு இல்லை.

கை வைக்கும் முன் சில விஷயங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு போட்டு, தரையில் நிற்கிற வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பழைய லைனர் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், வாயால் ஊதுவதும் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் சீல், கப், வாஷர் எதையும் கிரோசினிலோ டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் அந்த டப்பாதான் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் அதில் நனைந்த கப் ஊதிப் பெருத்து, ரெண்டே வாரத்தில் பிரேக் ஜாம் ஆகும். கழுவ வேண்டுமானால் பிரேக் ஆயிலே போதும். சோதனை ஓட்டத்துக்கு 48ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான ஒரு தெரு போதும், முதலில் நடக்கிற வேகத்தில், அப்புறம் இருபதில்.

பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

முதலில் ஒரு சின்ன சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை வேகமாக நாலைந்து தடவை அடியுங்கள். அடிக்க அடிக்க பெடல் மேலே வந்து, அங்கே கெட்டியாகவும் நின்றால் லைனில் காற்று இல்லை. பின் டிரம்மில் லைனர் ஒட்டிய சூ டிரம்மை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். முன்னால் டிஸ்க் மாட்டுகிற உற்சாகத்தில் பின் சூவை அட்ஜஸ்ட் செய்ய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிரம்மைக் கையால் சுற்றும்போது சூ லேசாக உரசுகிற சத்தம் வரும்வரை இறுக்கி, அதிலிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள்.

பெடல் மேலே வந்தும் மெத்தென்றே இருந்தால் காற்று இருக்கிறது. எவ்வளவு ஆயில் விட்டு ஏர் எடுத்தாலும், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றினாலும், போகவில்லை என்றால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற காலிப்பரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இருக்கிறதா? இடது வலது காலிப்பரை மாற்றி மாட்டினாலும் போல்ட்டு ஓட்டை சரியாகவே உட்காரும், டிஸ்க்கும் சுற்றும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், நிப்பிள் வழியாகச் சுத்தமான ஆயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் ஆயிலைக் கொட்டினாலும் அந்தக் காற்று வெளியே வராது. ரெண்டையும் கழற்றி இடம் மாற்றினால் முடிந்தது வேலை.

மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று தங்கிவிடுவது அடுத்த காரணம். புது மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன்பே வைஸில் பிடித்து, ரெண்டு அவுட்லெட்டிலும் சின்ன ட்யூப் சொருகி, அந்த ட்யூப்பின் மறு நுனி டப்பாவில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வைத்து, பிஸ்டனை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை. அப்புறம் வண்டியில் ஏற்றி வீல் வீலாக ஏர் எடுக்க வேண்டும். நம் வண்டியில் மாஸ்டர் வலது பக்கம், எனவே தூரத்தில் இருப்பது பின் இடது. அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது.

இதற்கு ஆள் ரெண்டு வேண்டும். வீட்டில் தம்பியோ மகனோ பெடலில் உட்கார்ந்தால், "அமுக்குடா", "அமுக்கியே பிடி", "ம், விடு" இந்த மூன்று வார்த்தைதான் பேச்சு, வேறு எதுவும் பேசக் கூடாது. நிப்பிளை மூடும் முன்னால் அவன் காலை எடுத்துவிட்டால் வெளியே இருக்கிற காற்றை உள்ளே இழுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே மாஸ்டர் மேலுள்ள டேங்கில் ஆயில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் காலிப்பர் டிரம் வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் கேட்கும், பழைய சின்ன டேங்க் சீக்கிரம் காலியாகும்.

காற்றும் இல்லை, சூவும் சரி, இன்னும் மெத்தென்றே இருக்கிறது என்றால் ரப்பர் ஹோஸ்களைப் பிடித்துக்கொண்டு ஆளை மிதிக்கச் சொல்லுங்கள். கையில் ஹோஸ் உப்புவது தெரிந்தால் அது பழைய ஹோஸ், தூக்கிப் போடுங்கள். டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக அழுத்தம் தேவை, நேற்றுவரை தாங்கிய ஹோஸ் இன்று தாங்காது.

பெடல் கல்லாக நிற்கிறது, வண்டி நிற்கவில்லை

டிரம் தானாகவே கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். சூவில் ஒரு பக்கம் டிரம் சுற்றுகிற திசையிலேயே இழுபட்டு மேலும் அழுந்துவதால் கால் பலம் குறைவாகவே போதும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, நீங்கள் கொடுக்கிற அழுத்தம்தான் கணக்கு. அதனால் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்ட வண்டி முன்னைவிட மோசமாக நிற்கும். 'இதுக்கு டிரம்மே தேவலாம்' என்று சலித்துக்கொண்டு திரும்பக் கழற்றிய ஆட்களும் உண்டு.

பூஸ்டர் இருந்தும் பெடல் கல்லாக இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை அடித்து, காலை எடுக்காமல் அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரை இயக்குகிற வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வரவில்லை அல்லது பூஸ்டர் கிழிந்திருக்கிறது. எது என்று தெரிய, பூஸ்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிக் கட்டைவிரலால் மூடுங்கள், இன்ஜின் ஓடும்போது விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும். வேக்கம் கேஜ் இருந்தால், பாதரச அளவில் 20 அங்குலத்துக்கு மேல் காட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது.

இங்கேதான் டீசல் வண்டிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் மூடுவதால் மேனிஃபோல்டில் வேக்கம் தானாகக் கிடைக்கும். பழைய டீசலில் அந்தக் கதவே கிடையாது, வேக்கமும் கிடையாது. மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு ஹோஸ் செருகிவிட்டு, பூஸ்டர் கெட்டுப்போய் இருக்கிறது என்று இன்னொரு பூஸ்டர் வாங்குவது பணத்தைத் தெருவில் போடுவது. தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். நம் ஊர் டீசல்களில் அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும், ஆகவே பம்ப்போடு சேர்ந்த ஆல்டர்னேட்டரைத்தான் வாங்க வேண்டும்.

அந்தப் பம்ப்புக்கு இன்ஜினிலிருந்து ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். திரும்பி வருகிற குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தால் ஆயில் போக வழியில்லாமல் வேக்கம் ஹோஸ் வழியாக பூஸ்டருக்குள் போகும். பூஸ்டர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே இன்ஜின் ஆயில் பளபளத்தால் அதுதான் கதை, உள்ளே இருக்கிற டயஃப்ரம் ரப்பர் கெடும். குழாயைச் சரிசெய்யாமல் பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும். பூஸ்டர் வாயில் உள்ள ஒருவழி வால்வும் திசை மாறி மாட்டியிருக்கலாம்: வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும்.

எல்லாம் சரி, பூஸ்டரும் நன்று, இன்னும் கல்லாகவே இருக்கிறது என்றால் மாஸ்டரின் உள்விட்டத்தைப் பாருங்கள். பெரிய மாஸ்டர் போட்டால் நல்லது என்கிற எண்ணம் தவறு. 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்குப் போனால் பிஸ்டனின் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடும், அதே கால் பலத்துக்கு லைனில் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். பெடல் குட்டையாகவும் கெட்டியாகவும் 'சூப்பரா' தோன்றும், வண்டி நிற்காது. ரொம்பச் சின்னதாகப் போட்டால் நேர்மாறு, பெடல் தரையைத் தொடும். காலிப்பர் எந்த வண்டியுடையதோ அதே வண்டியின் மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்த்தே எடுப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது

டிஸ்க் மாற்றிய பழைய வண்டிகளில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். காலையில் வண்டி நன்றாக இருக்கும். சத்துவாச்சாரி தாண்டும்போது கொஞ்சம் இழுவை, ராணிப்பேட்டை போவதற்குள் மூன்றாவது கியரிலேயே திணறும், இறங்கிப் பார்த்தால் முன் வீலில் புகை. ஆற விட்டால் மறுபடி நன்றாகிவிடும். எந்த வீல் என்று தெரிய ஹப்பில் கை வைக்காதீர்கள், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எது சீறுகிறதோ அதுதான். டிஸ்க்கின் மேல் தெளிக்க வேண்டாம், சூட்டில் கோணிக்கொள்ளும்.

கோளாறு இருக்கும்போதே, அதாவது பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிப்போன பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. சமதளத்தில் நிறுத்தி, பின் வீலுக்குக் கட்டை கொடுத்து, முன் வீலைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை. சரி, ஸ்பேனரை எடுங்கள்.

மாஸ்டரை பூஸ்டரோடு பிடிக்கிற ரெண்டு நட்டையும் ரெண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மாஸ்டரை முன்னால் இழுங்கள். வீல் விட்டுவிட்டதா? அப்படியானால் பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவே இருக்கிற புஷ்ராடு நீளமாக இருக்கிறது. மாஸ்டருக்குள் டேங்கிலிருந்து வருகிற சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, பெடலை விட்டதும் பிஸ்டன் அதைத் தாண்டிப் பின்னால் வந்து ஓட்டையைத் திறக்க வேண்டும். ராடு ஒரு மில்லி நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஓட்டை மூடியே இருக்கும். சூட்டில் விரிகிற ஆயில் டேங்குக்குத் திரும்ப வழியில்லாமல் காலிப்பரைத்தான் அமுக்கும். அமுக்க அமுக்க மேலும் சூடு. அளவு பார்க்க பிள்ளைகள் விளையாடுகிற களிமண் உருண்டை ஒன்றை ராடு நுனியில் ஒட்டி, மாஸ்டரை ஏற்றி இறுக்கிக் கழற்றுங்கள். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. அரை மில்லியிலிருந்து ஒரு மில்லிக்குள் இருக்கட்டும். களிமண்ணே மிஞ்சவில்லை என்றால் ராடு நுனித் திருகைச் சுருக்குங்கள். பெடல் பக்கமும் ஒரு பார்வை தேவை: பிரேக் லைட் சுவிட்ச் ரொம்ப முன்னால் தள்ளி பெடலை முழுதாகத் திரும்பவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான் வரும்.

மாஸ்டரைத் தளர்த்தியும் வீல் விடவில்லை என்றால், மாஸ்டரிலிருந்து முன் வீலுக்குப் போகிற பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் திறங்கள். துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து. ஆயில் பீச்சியடித்து வீல் விட்டுவிட்டால் மாஸ்டருக்குள் ஏதோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பழைய டிரம் மாஸ்டரையே வைத்து டிஸ்க் போட்டவர்களுக்கு இங்கேதான் விடை. டிரம் வண்டிகளின் மாஸ்டர் அவுட்லெட்டில் சின்னதாக ஒரு ரெசிடுவல் வால்வு இருக்கும், பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் மிச்சம் வைப்பதற்கு. வீல் சிலிண்டரில் கப்பின் உதடு ஒட்டிக்கொண்டு காற்றை இழுக்காமல் இருக்க அது வேண்டும். டிரம்மில் சூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த 10 ஒன்றும் செய்யாது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது, அந்த 10 பிஎஸ்ஐயே பேடை டிஸ்க்கின் மேல் உரச வைக்கும். முன் லைனில் மட்டும் அந்த வால்வை எடுத்துவிட வேண்டும், பின் டிரம்முக்கு இருக்கட்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஜீப் வகை சிலவற்றில் மாஸ்டர் கால் பலகைக்கு அடியில், சேஸில் இருக்கும், அதாவது காலிப்பரைவிடத் தாழ்வாக. அங்கே வால்வே இல்லாவிட்டால் ராத்திரி நிறுத்திய வண்டியில் ஆயில் இறங்கி மாஸ்டருக்குத் திரும்பி, காலையில் முதல் மிதி பாதிவரை வெறுமனே போகும். அதற்கு 2 பிஎஸ்ஐ வால்வு தனியாகக் கிடைக்கிறது, முன் லைனில் அதைப் போட வேண்டும். மாஸ்டரை மேலே பூஸ்டரோடு ஏற்றியவர்களுக்கு அது தேவையில்லை.

மாஸ்டர் முனையில் திறந்தும் விடவில்லை, ஆனால் காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டுவிட்டது என்றால் நடுவில் ரப்பர் ஹோஸ்தான். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே சுவர் பெயர்ந்து நாக்கு மாதிரி தொங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் தடுக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் ஆயில் அழுத்தம் காரணமே இல்லை, பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது அல்லது காலிப்பர் நகர்கிற பின் இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பேரிங்குக்குப் போடுகிற சாதா கிரீஸ் அங்கே உள்ள ரப்பரைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் திறந்த லைனுக்கு மறுபடி ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

இடது பக்கம் இழுத்தால் இடதில் கோளாறு என்று எண்ணி எல்லோரும் அதையே பிரிக்கிறார்கள். வலது பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் அதிகம். டயர் காற்றை முதலில் பாருங்கள், அதற்குச் செலவு இல்லை. அப்புறம் இழுக்காத பக்கத்துக் காலிப்பர் பின், ஹோஸ், ஏர். பேட் ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே செட்டாக இருக்க வேண்டும்.

பிரேக்கில் ஒன்றும் இல்லை என்றால் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) பாருங்கள். முன் ஆக்சிலைப் பட்டையோடு கட்டுகிற யு போல்ட் தளர்ந்திருந்தாலும், பட்டை புஷ் தேய்ந்திருந்தாலும், பிரேக் போடும்போது ஆக்சிலே கொஞ்சம் திரும்பி ஸ்டியரிங்கை இழுக்கும். டிரம்மாக இருந்தவரை இந்தத் தளர்ச்சி வெளியே தெரிந்திருக்காது. முன் பிரேக் பலமானதும் காட்டிக்கொடுத்துவிடும்.

காலி வண்டியில் பின் வீல் வழுக்குகிறது

முன்னால் டிஸ்க்குக்கென்று அழுத்தம் கூட்டினீர்கள், அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போகிறது. காலியாக இருக்கும் பிக்கப்பில் பின்னால் கனமே இல்லை, மழை ஈரத்தில் மிதித்தால் வால் பக்கவாட்டில் போகும். இது ஆபத்தானது, சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. பின் லைனுக்கு அழுத்தம் குறைக்கிற வால்வு வேண்டும். காலிப்பர் எடுத்த வண்டியில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் கம்பி வைத்த லோடு வால்வு இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

லோடு வால்வு ஏற்கெனவே இருந்தால் இன்னொரு சிக்கல். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது, எழும்பியிருந்தால் குறைப்பது அதன் வேலை. நம் ஊரில் பிக்கப் வாங்கியதும் முதல் வேலை பின்னால் கூடுதலாக ரெண்டு பட்டை ஏற்றுவதுதான். வண்டி எழும்பி நிற்கும், லோடு ஏற்றினாலும் அவ்வளவாகத் தாழாது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டு முழு லோடிலும் பின் பிரேக்கைக் குறைத்தே வைக்கும். 'காலியில் நல்லா நிக்குது, லோடுல நிக்கலை' என்று சொல்கிறவர்கள் இந்தக் கம்பியின் அளவைத் திருத்த வேண்டும்.

வழுக்குவது ஒரே ஒரு பின் வீல் என்றால் வால்வை விடுங்கள், டிரம்மைக் கழற்றுங்கள். ஆக்சில் ஆயில் சீல் கசிந்து லைனரில் ஆயில் ஏறியிருக்கும். லேசாக ஏறினால் அதிகமாகப் பிடிக்கும், முழுக்க ஊறினால் பிடிக்கவே பிடிக்காது. ஊறிய லைனரைத் தீயில் காட்டி எரித்துத் திரும்பப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம், லைனர் மாற்றுகிற கடையில் கொடுத்துப் புதிதாக அடியுங்கள், ரெண்டு பக்கமும் சேர்த்து.

பெடல் துடிக்கிறது, ஸ்டியரிங் உதறுகிறது

ஸ்டியரிங்கும் உதறினால் முன் டிஸ்க், பெடலும் சீட்டும் மட்டும் உதறினால் பின் டிரம் என்று வைத்துத் தேடுங்கள். புது டிஸ்க் கோணல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற ஒரு துருப் பொருக்கு, டிஸ்க்கின் வெளி விளிம்பில் ரெண்டு மடங்காகத் தெரியும். டயல் கேஜ் வைத்தால் ஒரு சுற்றில் 0.1 மில்லிக்குள் இருக்க வேண்டும். துருவை நன்றாகத் தேய்த்து எடுத்து, வீல் பேரிங் ஆட்டம் இல்லாமல் பார்த்து, வீல் நட்டை எதிரெதிராக இறுக்கினாலே முக்கால்வாசி உதறல் போய்விடும்.

பின் டிரம் என்றால் மெதுவாக உருளும்போது ஹாண்ட் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பாருங்கள், அதிலும் உதறினால் டிரம் முட்டை வடிவம் ஆகியிருக்கிறது. பழைய ஜீப் வகைகளில் ஹாண்ட் பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனி டிரம்மில் இருக்கும், அந்த வண்டிக்கு இந்தச் சோதனை செல்லாது. லேத்தில் கடையலாம், ஆனால் டிரம்மில் அச்சடித்திருக்கிற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடைந்தால் மெலிந்து வெடிக்கும்.

மலையில் இறங்கும்போது மட்டும் பிரேக் போய்விடுகிறது

பெடல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடோ லைனரோ சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது. பெடலே உள்ளே போனது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது, கொதித்த இடத்தில் ஆவி, ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் வராது. ஆறினதும் பெடல் திரும்பி வரும், ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிவிட்டால் அது 140. டாட் 4 புதியதில் 230, ஈரம் ஏறினால் 155. டிஸ்க் மாட்டும்போது முன் லைனில் மட்டும் புது ஆயில் விட்டு, பின் லைனில் பத்து வருஷத்துப் பழுப்பு ஆயிலை அப்படியே விடுகிறார்கள். நாலு வீலிலும் சுத்தமான ஆயில் வரும்வரை மாற்றுங்கள், டாட் 4 போடுங்கள், அலமாரியில் மூடி திறந்து கிடந்த அரை டின் வேண்டாம். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கக் கூடாது. ஏலகிரியோ ஜவ்வாது மலையோ, ஏறின கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு எந்த டிஸ்க்கும் உதவாது.

புது பேடைப் பழக்காமல் நேராக மலைக்குப் போவதும் தவறு. காலி ரோட்டில் ஐம்பதிலிருந்து பதினைந்துக்கு, முழுதாக நிறுத்தாமல், மிதமாக மிதித்துப் பல தடவை குறைத்து, நடுவில் கொஞ்சம் ஓடி ஆறவிடுங்கள். ஆரம்பத்தில் வருகிற கீச் சத்தம் பாதி இதிலேயே போகும். மிச்சம் இருந்தால் பேடின் முதுகில் உள்ள தகடும் கிளிப்பும் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் குறைகிறது, கசிவு எங்கும் தெரியவில்லை

மாஸ்டரைத் தளர்த்தி, பூஸ்டரோடு சேருகிற இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின் சீல் கசிந்து ஆயில் பூஸ்டருக்குள் போகிறது, தரையில் ஒரு சொட்டு விழாது. அங்கே காய்ந்திருந்தால் பின் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியைத் தூக்குங்கள்.

அதுவும் இல்லை என்றால் சேஸ் ஓரம் போகிற பைப்பை முழு நீளத்துக்கும் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள், முக்கியமாக கிளிப்புக்கு அடியில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பட்டறைகளுக்குப் பச்சைத்தோல் ஏற்றுகிற வண்டிகளில் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டும். மாடு ஏற்றுகிற வண்டியில் கோமியம். ரெண்டும் ஸ்டீல் பைப்பைக் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் தின்னும், மேலே பெயிண்ட் நன்றாகவே தெரியும். நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தால் அந்தப் பைப்பை முழுதாக மாற்றுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். வளைக்கச் சுலபம் என்று வெறும் செப்புப் பைப்பும் போடாதீர்கள், வண்டி அதிர்வில் செம்பு நாளாவட்டத்தில் விறைத்து, நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். பைப் நுனி ரெட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு ஏசி பைப்புக்கு, பிரேக்குக்கு இல்லை.

எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும் முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்பது சாரம். அதனால் முன் ஆக்சிலையே மாற்றுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மாற்றி முடித்துக் கேட்பது சிரமம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் உண்டு. போவதற்கு முந்தின நாள் ஹாண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது பின் டிரம்மில் இருக்கிற வண்டியில் கேபிளை இறுக்கும் முன் பின் சூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வரிசை மாற்றிச் செய்தால் ஒரு வீல் உரசும், இன்னொன்று பிடிக்காது. பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். புதுப் பெடல் செட் மாற்றியவர்கள் சுவிட்ச் வயரைச் செருக மறந்துவிட்டு அங்கே போய் நிற்கிறார்கள்.